வெற்றியாளர் இல்லாத ஆட்டத்தில் சமநிலை எதற்கு?

சதுரங்கத்தில் ஆளுக்கு 16 காய்கள். முதல் நகர்வு வெள்ளைக்குக் கிடைப்பதால் வரும் சிறு சாய்வை விட்டுவிட்டால் இரு தரப்பும் ஒன்றுதான். எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரை ஒருவர் வெல்லப் பார்க்கும் ஆட்டங்களில் சமநிலை என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வேறு மாதிரி. ஐந்தாறு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். அவர்களில் ஒருவர் டன்ஜன் மாஸ்டர். பாழடைந்த கோட்டை, அதன் அடியில் ஓடும் சுரங்கம், உள்ளே பதுங்கியிருக்கும் பூதங்கள் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, ஒரே அணியாக அந்தச் சுரங்கத்துக்குள் இறங்குகிறார்கள். யாரும் யாரையும் தோற்கடிப்பதில்லை. ஆட்டம் முடிவதும் இல்லை, அடுத்த வாரம் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இருந்தும் 50 ஆண்டுகளாக இதை வடிவமைப்பவர்களை ஒரு கேள்வி விடாமல் துரத்துகிறது: போர்வீரனும் மந்திரவாதியும் சமமாக இருக்கிறார்களா? ஒரே அணியில் இருப்பவர்களுக்குள் சமநிலை எதற்கு என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். மேசையில் உட்கார்ந்து பார்த்தவருக்குத் தோன்றாது. இந்த ஆட்டத்தில் ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும் பண்டம் நேரம். நான்கு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு, ‘இந்த இடத்தில் நான்தான் வேண்டும்’ என்ற தருணம் ஒன்றிரண்டாவது வர வேண்டும். வராவிட்டால் அவர் பகடை உருட்டிக்கொண்டே பார்வையாளராகிவிடுகிறார். இதை எண்களால் பிடிக்க முடியுமா என்பதுதான் அரை நூற்றாண்டாக நடக்கும் தேடல். பிடித்துவிட்டோம் என்று நினைத்த ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் நழுவியிருக்கிறது.

1974-ல் வெளியான முதல் பதிப்பில் மூன்றே பாத்திர வகைகள்: போர்வீரன், மந்திரவாதி, மதகுரு. அதை உருவாக்கிய இருவரில் கேரி கைகாக்ஸ் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற ஏரிக்கரை ஊரில் இருந்தார். டேவ் ஆர்னசன் பக்கத்து மாநிலமான மினசோட்டாவில். இருவருமே பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்தி ஆடும் போர் விளையாட்டுகளில் ஊறியவர்கள். முதல் அச்சு 1,000 பிரதிகள்தான். மறு ஆண்டு வந்த ‘கிரேஹாக்’ இணைப்பு நூலில் திருடன் நான்காவது வகையாகச் சேர்ந்தான்.

மந்திரவாதி எங்கிருந்து வந்தான் என்று பார்த்தால் சிக்கலின் வேர் தெரியும். 1971-ல் கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் எழுதிய ‘செயின்மெயில்’, இடைக்காலப் போர்களை ஆடுவதற்கான விதிநூல். அதன் பின்பகுதியில் மாயக்கதைகளுக்கென்று ஓர் இணைப்பு இருந்தது. அங்கே வீரன் ஒருவன் நான்கு ஆட்களுக்குச் சமம், மாவீரன் எட்டுப் பேருக்குச் சமம். மந்திரவாதி எறியும் தீப்பந்துக்கோ பெரிய கவண்பொறி ஒன்றின் தாக்குதல் பரப்பு அப்படியே கொடுக்கப்பட்டது. அவன் ஏவும் மின்னலுக்குக் கனரக பீரங்கியின் கணக்கு. ஆக, மந்திரவாதி பிறப்பிலேயே பீரங்கிப் படை. போர் விளையாட்டில் அது யாரையும் உறுத்தவில்லை, ஏனென்றால் காலாட்படையையும் பீரங்கியையும் ஒரே ஆட்டக்காரர்தான் நடத்துகிறார். ஆர்னசனின் ‘பிளாக்மூர்’ ஆட்டத்தில் ஒருவருக்கு ஒரே ஒரு மனிதன் என்று ஆனபோது நிலைமை மாறியது. ஒரு நண்பர் காலாளாகவும், பக்கத்து நாற்காலியில் இன்னொருவர் பீரங்கியாகவும் உட்கார்ந்துவிட்டார்கள். இன்றுவரை நடக்கும் வாதங்களில் பெரும்பகுதி இந்த இருக்கை ஏற்பாட்டிலிருந்து கிளைத்தவைதான்.

பீரங்கிக்கு உள்ள பலவீனங்களையே மந்திரவாதிக்கும் கொடுப்பது முதல் தீர்வாக இருந்தது. குண்டு குறைவு, பக்கத்தில் எதிரி வந்துவிட்டால் கதை முடிந்தது. ஜாக் வான்ஸ் 1950-ல் வெளியிட்ட ‘தி டையிங் எர்த்’ கதைகளில் மந்திரவாதிகள் மந்திரத்தை மனத்தில் ஏற்றிக்கொள்வார்கள், உச்சரித்ததும் அது நினைவிலிருந்து அழிந்துவிடும். கைகாக்ஸ் அந்த ஏற்பாட்டை எடுத்துக்கொண்டார். 1978-ல் வந்த ‘அட்வான்ஸ்டு’ பதிப்பின் ஆட்டக்காரர் கையேட்டைத் திறந்தால், முதல் லெவல், அதாவது அனுபவத்தின் தொடக்கக் கட்டத்தில் இருக்கும் மந்திரவாதிக்கு நாள் ஒன்றுக்கு ஒரே மந்திரம். கவசம் கிடையாது. எவ்வளவு அடி தாங்குவான் என்பதைச் சொல்லும் உயிர்ப்புள்ளிக்கு நான்குமுகப் பகடை ஒன்று. போர்வீரனுக்குப் பத்துமுகப் பகடை.

இந்த வித்தியாசம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீள்வாள் ஒன்றின் அடி, எண்முகப் பகடையில் விழும் எண். மந்திரவாதியின் உயிர்ப்புள்ளி 1 முதல் 4 வரை எதுவாகவும் இருக்கலாம். அந்த நான்கு நிலைகளுக்கும் வாளின் எட்டு விளைவுகளைப் பொருத்தினால் 32 சேர்க்கைகள் வரும். அவற்றில் 26-ல் மந்திரவாதி முதல் அடியிலேயே சாய்கிறான், அதாவது 81 சதவீதம். போர்வீரனுக்கு 80 சேர்க்கைகளில் 36 மட்டும்தான், 45 சதவீதம். போதாததற்கு அவன் இரும்புக் கவசம் அணிந்திருப்பதால் அந்த அடி அவன்மேல் விழுவதே அரிது. முதல் சில லெவல்களில் மந்திரவாதியை உயிரோடு வைத்திருப்பதே மற்றவர்களின் வேலை.

பிறகு வளைகோடு திரும்புகிறது. தீப்பந்தின் அடி மந்திரவாதியின் லெவலோடு வளரும்: லெவலுக்கு ஓர் அறுமுகப் பகடை. ஐந்தாம் லெவலில் அவனால் நாளுக்கு ஒரு தீப்பந்து எறிய முடியும். ஐந்து பகடைகள், சராசரி 17.5. மந்திரங்கள் வலிமைக்கேற்பப் படிகளாகப் பிரிக்கப்பட்டவை. பத்தாம் லெவலில் தீப்பந்து இருக்கும் படியில் மூன்று மந்திரங்கள் கைக்கு வருகின்றன. ஒவ்வொன்றும் பத்துப் பகடை, சராசரி 35, மூன்றும் சேர்ந்து 105. லெவல் இரண்டு மடங்கானபோது ஒரு நாளைய அழிவுச் சக்தி ஆறு மடங்காகிவிட்டது, மேல்படி மந்திரங்களைச் சேர்க்காமலேயே. மந்திரத்தின் வீச்சும் வளர்கிறது, மந்திரங்களின் எண்ணிக்கையும் வளர்கிறது. வளரும் இரண்டு எண்களைப் பெருக்கினால் வருவது இருபடி வளர்ச்சி. போர்வீரனுக்கு வளர்வது பெரும்பாலும் ஒன்றுதான்: குறி தப்பாமை. அவனுடைய வீச்சுகளின் எண்ணிக்கை ஏழாம் லெவலில்தான் சுற்றுக்கு ஒன்றரை ஆகிறது, பதின்மூன்றில்தான் இரண்டு. நேர்கோட்டுப் போர்வீரன், இருபடி மந்திரவாதி என்று ஆட்டக்காரர்கள் சொல்வது வெறும் வசவு என்று நினைக்க வேண்டாம், அதில் நேர்மையான இயற்கணிதம் இருக்கிறது.

லெவல் ஏறத் தேவையான அனுபவப் புள்ளிகளின் அட்டவணைதான் இந்த வளர்ச்சிக்குக் கடிவாளம் என்று பழைய ஆட்டக்காரர்கள் பலர் சொல்வார்கள். மந்திரவாதி மெதுவாக ஏறினான், அதனால் சமன் ஆனது என்பது வாதம். அட்டவணையை எடுத்துப் பார்த்தால் பாதிதான் உண்மை. இரண்டாம் லெவலுக்குப் போர்வீரனுக்கு 2,001 புள்ளி, மந்திரவாதிக்கு 2,501, திருடனுக்கு 1,251. ஐந்தாம் லெவலுக்குப் போர்வீரன் 18,001, மந்திரவாதி 22,501. அதுவரை சரி. ஏழாம் லெவலில் போர்வீரனுக்கு 70,001 வேண்டும், மந்திரவாதிக்கு 60,001 போதும். ஒன்பதாம் லெவலுக்கோ போர்வீரன் 250,001 சேர்க்க வேண்டும், மந்திரவாதி 135,001-லேயே ஏறிவிடுகிறான். தீப்பந்து கைக்கு வந்த பிறகு, அதாவது கடிவாளம் எங்கே இறுக வேண்டுமோ அங்கே, அட்டவணை அதைத் தளர்த்திவிடுகிறது. ஐந்தாம் லெவல்வரை ஊர்ந்தவன் அதன்பின் ஓடுகிறான்.

ஆக, அந்தக் காலத்தின் சமநிலை காலத்தின் நீளத்தில் பரப்பி வைக்கப்பட்டது: இன்று நீ என்னைக் காப்பாற்று, நாளை நான் உன்னைக் காப்பாற்றுகிறேன். இதைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1974-இன் விதிநூல் ஒரு தொடர் ஆட்டத்துக்கு 4 முதல் 50 ஆட்டக்காரர்கள் வரை இருக்கலாம் என்று கருதியது. வாரத்துக்கு வாரம் வேறு வேறு முகங்கள் வரும், பாத்திரங்கள் சாகும், புதியவை பிறக்கும், ஒருவரே பல பாத்திரங்கள் வைத்திருப்பார். அந்தச் சூழலில் ஒன்பதாம் லெவல் மந்திரவாதி என்பவன் பல சாவுகளைத் தாண்டி வந்தவன், அவனுடைய வலிமையைப் பொறாமையில்லாமல் பார்க்க முடிந்தது. ஒரே ஐந்து நண்பர்கள், ஆளுக்கு ஒரே பாத்திரம், யாரும் லேசில் சாகாத கதை என்று ஆட்டம் மாறியபோது அந்த ஒப்பந்தம் இரு முனையிலும் கசந்தது. தொடக்கத்தில் மந்திரவாதி ஆடியவர் ஒரு மந்திரத்தை எறிந்துவிட்டு மாலை முழுவதும் சும்மா இருந்தார். கடைசியில் போர்வீரன் ஆடியவர் சும்மா இருந்தார். பல தொடர்கள் நடுவிலேயே நின்றுவிடுவதால் இரண்டாவது பாதிக் கடனை வசூலிக்க வாய்ப்பே வராதவர்களும் உண்டு.

1997-ல், இந்த ஆட்டத்தை வெளியிட்டுவந்த டிஎஸ்ஆர் நிறுவனத்தை விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கியது. 2000-ல் மூன்றாம் பதிப்பு வந்தது. வடிவமைத்தவர்கள் ஜோனதன் ட்வீட், மான்டி குக், ஸ்கிப் வில்லியம்ஸ். சமநிலை வரலாற்றில் எனக்கு மிகவும் பாடம் சொன்ன பதிப்பு இதுதான். அவர்கள் செய்த மாற்றங்களில் ஒன்றுகூட மூடத்தனமானது அல்ல. எல்லாமே ஒழுங்குபடுத்தும் வேலை. வகைக்கொரு அனுபவ அட்டவணை எதற்கு, எல்லோருக்கும் ஒன்றே போதும் என்றார்கள். பழைய விதியில் மந்திரம் சொல்லும்போது ஓர் அடி விழுந்தால் மந்திரம் வீண். அது கொடுமையாக இருக்கிறது, கவனத்தைத் தக்கவைக்க ஒரு பகடைச் சோதனை கொடுப்போம் என்றார்கள். மந்திரம் போன்றவற்றிலிருந்து தப்பப் பகடையில் விழ வேண்டிய, தனித்தனி அட்டவணைகளில் கிடந்த தற்காப்பு எண்களை ஒரே சூத்திரத்துக்குள் கொண்டுவந்தார்கள்.

அந்தக் கடைசி மாற்றத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ‘அட்வான்ஸ்டு’ பதிப்பில் 17-ஆம் லெவல் போர்வீரன்மேல் தற்காப்புக்கு இடம் தரும் எந்த மந்திரத்தை யார் ஏவினாலும், அவன் இருபதுமுகப் பகடையில் 6 அல்லது அதற்கு மேல் போட்டால் தப்பிவிடுவான். 75 சதவீத வாய்ப்பு. ஏவியவன் எவ்வளவு பெரியவன் என்பது கணக்கிலேயே இல்லை. மூத்த போர்வீரன் மந்திரத்துக்கு எளிதில் மசியமாட்டான் என்பது, அட்டவணையின் மூலையில் சத்தமில்லாமல் கிடந்த பெரிய சலுகை. மூன்றாம் பதிப்பில் தப்பிக்க எட்ட வேண்டிய தடை எண், 10-உடன் மந்திரத்தின் படியும் ஏவுபவரின் அறிவுக் கூட்டலும் சேர்ந்தது. 9-ஆம் படி மந்திரம், அறிவுக் கூட்டல் 7 என்றால் தடை எண் 26. மன உறுதி என்று வரும்போது 17-ஆம் லெவல் போர்வீரனின் அடிப்படைக் கூட்டல் 5 மட்டுமே. பகடையில் 21 வேண்டும். இருபதுமுகப் பகடையில் 21 கிடையாது. 20 விழுந்தால் எப்படியும் தப்பிக்கலாம் என்ற விதி ஒன்றுதான் அவனுக்கு மிச்சம்: 5 சதவீதம். மந்திரப் பொருள்களின் தயவு இருந்தால் கொஞ்சம் ஏறும். 75-லிருந்து 5. போர்வீரனை யாரும் வேண்டுமென்றே இறக்கவில்லை. அட்டவணைகளை அழகாக்கியதன் பக்கவிளைவாக, அவனைத் தாங்கி நின்ற தூண்கள் ஒவ்வொன்றாக விலகின.

சிக்கலான எந்த அமைப்பையும் திருத்துபவர்களுக்கு இது தெரிந்த அனுபவமாக இருக்கும். சமநிலை என்ற தலைப்பில் ஓர் அத்தியாயம் விதிநூலில் இருப்பதில்லை. கவசத்தின் எடையிலும், மந்திரம் சொல்ல ஆகும் நொடிகளிலும், விளக்குக்கு ஊற்றும் எண்ணெயின் செலவிலும் அது சிதறிக் கிடக்கிறது. எரிச்சலூட்டும் விதி என்று ஒன்றை நீக்கும்போது அது எதைத் தாங்கியது என்று பார்க்காமல் நீக்கினால், விரிசல் பத்து லெவல் தள்ளித்தான் தெரியும்.

இதுவரை அடியைப் பற்றியே பேசினேன். எண்ணுவதற்கு எளிது என்பதால் ஆட்டக்காரர்களும் பெரும்பாலும் அதைப் பற்றித்தான் பேசுவார்கள். ஆனால் ஆழமான காயம் வேறிடத்தில், திருடனிடம் இருக்கிறது. 1978 கையேட்டில் முதல் லெவல் திருடன் பூட்டுத் திறக்க 25 சதவீத வாய்ப்பு, பொறியைக் கண்டுபிடிக்க 20, நிழலில் மறைய 10. மந்திரவாதியின் இரண்டாம் படி மந்திரங்களில் ஒன்று எந்தப் பூட்டையும் திறக்கும், பகடை இல்லாமலேயே. அதே படியில் இன்னொன்று ஆளையே மறைத்துவிடும். திருடன் என்ற முழு வாழ்க்கை மந்திரவாதியின் புத்தகத்தில் இரண்டு பக்கம்.

சோவியத் உயிரியலாளர் கியோர்கி காவ்ஸ் 1930-களில் செய்த சோதனைகள் இங்கே நினைவுக்கு வருகின்றன. பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரியில் இரண்டு இனங்களை ஒரே குழாயில், ஒரே உணவில் வளர்த்தார். தனித்தனியே இரண்டும் நன்றாக வளர்ந்தன. சேர்த்து விட்டபோது ‘ஆரேலியா’ இனம் தழைத்தது, ‘காடேட்டம்’ இனம் மறைந்தது. ஆனால் ‘காடேட்ட’த்தை ‘பர்சாரியா’ என்ற மூன்றாவது இனத்தோடு வளர்த்தபோது இரண்டும் நிலைத்தன. ஒன்று மேல்நீரில் மேய்ந்தது, மற்றது அடியில் படிந்த ஈஸ்ட்டைத் தின்றது. ஒரே வாழிடப் பங்கை இரண்டு இனங்கள் பகிர்ந்துகொண்டு நெடுநாள் வாழ முடியாது என்ற கோட்பாட்டுக்கு இன்று காவ்ஸின் பெயரே வழங்குகிறது. பாத்திர வகைகளைப் பற்றிப் பேசும் ஆட்டக்காரர்களும் உயிரியலின் இதே கருத்தைத்தான் கையாள்கிறார்கள்: ஒவ்வொரு வகைக்கும் தனக்கென்று ஒரு பங்கு, அதில் பிறர் நுழையக் கூடாது.

இப்படிப் பார்த்தால் ‘யார் பலசாலி’ என்ற கேள்வியின் குறை புரியும். ஒரு பாத்திரத்தின் திறனை ஒரே எண்ணில் அடைக்க முடியாது. சண்டை, பதுங்கல், பேச்சு, அறிவு, பயணம் என்று பல அச்சுகள் இருக்கின்றன. ஒன்றில் நீங்கள் முன்னால், மற்றொன்றில் நான் முன்னால் என்றிருக்கும்வரை நம் இருவரையும் வரிசைப்படுத்தவே முடியாது, அந்த முடியாமைதான் நல்ல வடிவமைப்பு. ஒருவர் எல்லா அச்சிலும் முன்னால் போய்விட்டால்தான் ஆபத்து. 2003-ல் திருத்தி வந்த 3.5 பதிப்பின் ட்ரூயிட் அப்படிப்பட்டவள். காட்டுத் தெய்வங்களை வழிபடும் அவளுக்கு ஒன்பதாம் படி வரை மந்திரங்கள் உண்டு. முதல் லெவலிலிருந்தே ஓநாய் போன்ற துணை விலங்கு ஒன்று கூடவே சண்டைபோடும். ஐந்தாம் லெவலிலிருந்து அவளே கரடியாகவோ சிறுத்தையாகவோ மாறலாம். அணியின் சிறந்த பேட்ஸ்மேனே சிறந்த பந்துவீச்சாளராகவும் விக்கெட் கீப்பராகவும் இருந்து, ஆடுகளத்துக்குத் தன் தம்பியையும் அழைத்து வந்தால் மற்ற பத்துப் பேர் என்ன செய்வார்கள்?

அந்தத் தம்பி விஷயம் சாதாரணமானதல்ல. ஃபிரெடரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1916-ல் வெளியிட்ட நூலில், தூரத்திலிருந்து சுடும் நவீனப் போரில் ஒரு படையின் வலிமை ஆட்களின் எண்ணிக்கைக்கு இருபடி விகிதத்தில் இருக்கும் என்று காட்டினார். கூடுதல் ஆள் அடிப்பதற்கும் உதவுகிறான், எதிரியின் அடியைப் பகிர்ந்துகொள்வதற்கும் உதவுகிறான். மேசையிலும் அதேதான். சுற்றுக்கு ஒரு செயல் கிடைப்பவருக்கும் இரண்டு கிடைப்பவருக்கும் இடையிலான தூரம் வெறும் இரு மடங்கோடு நிற்பதில்லை. நேரத்தின் பங்கும் அவருக்கே இரட்டிப்பாகப் போகிறது.

2008-இன் நான்காம் பதிப்பு இந்தக் கணக்குகளையெல்லாம் நேருக்கு நேர் எதிர்கொண்டது. ராப் ஹைன்சூ தலைமையிலான குழு எல்லா வகைகளுக்கும் ஒரே எலும்புக்கூட்டைக் கொடுத்தது: எப்போதும் செய்யக்கூடிய வித்தைகள், சண்டைக்கு ஒருமுறை செய்யக்கூடியவை, நாளுக்கு ஒருமுறை செய்யக்கூடியவை. போர்வீரனுக்கும் மந்திரவாதிக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை. அதன்மேல் நான்கு பொறுப்புகள்: அடியைத் தாங்குபவர், அடிப்பவர், அணியைத் தூக்கி நிறுத்துபவர், களத்தைக் கட்டுப்படுத்துபவர். எண்களின் கோணத்தில் அதுவரை வந்தவற்றில் மிக நேர்த்தியான சமநிலை இதுதான் என்பது என் கருத்து. போர்வீரன் ஆடியவர்களுக்கு முதன்முறையாக ஒவ்வொரு சுற்றிலும் யோசிக்க ஏதாவது இருந்தது. ஆனாலும் பெரும் பிளவு வந்தது. எல்லா வகைகளும் ஒரே மாதிரி இருக்கின்றன என்பதுதான் குற்றச்சாட்டு. 2009-ல் பைசோ நிறுவனம் பழைய 3.5 விதிகளைச் செப்பனிட்டு ‘பாத்ஃபைண்டர்’ என்று வெளியிட, பெருங்கூட்டம் அங்கே போனது. அவர்கள் விட்டுப்போனது சமநிலையைத்தான், திரும்பிப் போனது ஏற்றத்தாழ்வுக்குத்தான். மந்திரம் மந்திரமாக, வாள் வாளாக உணரப்பட வேண்டும் என்ற ஆசை அவ்வளவு வலியது. அந்த ஆசையை நான் மதிக்கிறேன். வேறுபாடு இல்லையென்றால் வகைகளே எதற்கு?

2014-இன் ஐந்தாம் பதிப்பு பழைய உணர்வையும் புதிய கணக்கையும் இணைக்கப் பார்த்தது. அது எங்கே நிற்கிறது என்பதை ஒரு சிறு கணக்கால் காட்டலாம். ஐந்தாம் லெவல் போர்வீரன் ஒருவன், வலிமைக் கூட்டல் 4, கையில் பெருவாள். ஓர் அடியின் சராசரி 11, சுற்றுக்கு இரண்டு வீச்சு. குறி தவறாத வாய்ப்பு 65 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சுற்றுக்கு 14.3. ஐந்தாம் லெவல் மந்திரவாதியிடம் நாளுக்கு இரண்டு தீப்பந்துகள். ஒவ்வொன்றும் எட்டு அறுமுகப் பகடை, சராசரி 28, தற்காத்துக்கொள்பவருக்குப் பாதி. பூதங்களில் 55 சதவீதம் தற்காப்பில் தோற்கும் என்று கொண்டால் தலைக்கு 21.7. நான்கு பூதங்கள் வட்டத்துக்குள் சிக்கினால் ஒரு பந்துக்கு ஏறக்குறைய 87. தீப்பந்து தீர்ந்த பிறகு அவனிடம் இருப்பது சிறு தீக்கணை. அதே குறிவாய்ப்பில் சுற்றுக்கு 7 சொச்சம். இருவரின் மற்ற சில்லறைத் திறன்களைக் கணக்குக்காக ஒதுக்கிவிடுவோம்.

நாளுக்கு ஒரே சண்டை, அது நான்கு சுற்றுகள் நீடிக்கிறது. போர்வீரன் 57. மந்திரவாதி இரண்டு பந்தும் இரண்டு கணையுமாக 188. மூன்று மடங்குக்கு மேல். இனி நாளுக்கு ஆறு சண்டைகள், மொத்தம் 24 சுற்றுகள். போர்வீரன் 343. மந்திரவாதி இரண்டு பந்தும் 22 கணையுமாக 331. ஏறக்குறைய சமம். அதே இரண்டு பாத்திரங்கள், அதே விதிகள். மாறியது ஒன்றே ஒன்று: அவர்கள் எப்போது உறங்கப் போனார்கள் என்பது.

2014-இன் டன்ஜன் மாஸ்டர் கையேடு நாளுக்கு ஆறு முதல் எட்டு மிதமான அல்லது கடினமான சண்டைகளை எதிர்பார்த்தது. மேலே வந்த சமன் தற்செயலாக விழுந்ததாக எனக்குத் தோன்றவில்லை. சிக்கல் என்னவென்றால், ஒரு மாலை அமர்வில் ஆறு சண்டைகள் நடப்பது அபூர்வம். கதைக்கு முக்கியமான ஒரு சண்டை, கூடிப்போனால் இரண்டு. அதன்பின் கதாபாத்திரங்கள் விடுதிக்குப் போய்ப் படுத்து, மந்திரங்களையெல்லாம் மீட்டுக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். வடிவமைப்பாளர்கள் பூட்டி வைத்த சமநிலையின் திறவுகோல், டன்ஜன் மாஸ்டர் கதையில் நேரத்தை எப்படி ஓடவிடுகிறார் என்பதில் இருக்கிறது. விடியலுக்குள் கைதியைக் கழுவேற்றப் போகிறார்கள் என்றால் யாரும் உறங்க மாட்டார்கள், மூன்றாவது வாயிலில் மந்திரவாதியின் கை வெறுமையாக இருக்கும், போர்வீரனின் வாள் மட்டும் அதே கூர்மையோடு இருக்கும். ‘இந்தப் போர்வீரன் வகை பலவீனமானது’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, உங்கள் கதையில் கெடு உண்டா என்பதுதான்.

சமநிலையே வேண்டாம் என்று துணிந்து சொன்ன ஆட்டமும் உண்டு. 1987-ல் வந்த ‘ஆர்ஸ் மேஜிகா’வில் மந்திரவாதிகள் மற்ற எல்லோரையும்விட வலியவர்கள், அதை விதிநூல் மறைக்கவே இல்லை. அதற்குப் பதிலாக ஆட்டக்காரர்கள் சுழற்சி முறையில் ஆடுவார்கள். இந்தக் கதையில் நீங்கள் மந்திரவாதி, நான் உங்கள் காவலாள். அடுத்த கதையில் என் மந்திரவாதி புறப்படுவார், நீங்கள் ஈட்டி பிடித்து வருவீர்கள். பாத்திரங்களுக்குள் நீதி இல்லை, மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் மனிதர்களுக்குள் இருக்கிறது. அதை உருவாக்கிய இருவரில் ஒருவர் மார்க் ரெய்ன்ஹேகன். மற்றவர், 13 ஆண்டுகள் கழித்து எல்லோரையும் ஒரே அனுபவ அட்டவணைக்குள் கொண்டுவந்த அதே ஜோனதன் ட்வீட். ஒரே மனிதர் இந்தப் பிரச்சினையை இரு எதிர் முனைகளிலிருந்தும் அணுகியிருக்கிறார் என்பது எனக்கு வியப்பைத் தருகிறது.

2024-இல் திருத்தப்பட்ட ஆட்டக்காரர் கையேட்டில் போர்வீரனின் பக்கத்தைப் புரட்டினால், அவனுடைய அடி பெரிதானது முக்கியமாகத் தெரியவில்லை. இரண்டாம் லெவலில் அவனுக்குப் புதிதாக ஒன்று கிடைத்திருக்கிறது. சண்டையில் மூச்சு வாங்கிக் காயம் ஆற்றிக்கொள்ள அவனிடம் முன்பே ஒரு திறன் உண்டு. அதே திறனை இப்போது சண்டைக்கு வெளியே, ஏதேனும் ஒரு திறமைச் சோதனையில் தோற்கும்போதும் செலவிடலாம். பத்துமுகப் பகடையில் விழுந்த எண் தோற்ற முயற்சியோடு சேரும். அப்போதும் தோற்றால் திறன் செலவானதாகக் கணக்கில்லை. பூட்டிய கதவு, வழுக்கும் மதில், நம்ப மறுக்கும் காவலாளி எதுவானாலும் சரி. வாளை உறையில் போட்ட பிறகும் போர்வீரன் ஆடுபவர் கையை உயர்த்தி, ‘இருங்கள், நான் முயன்று பார்க்கிறேன்’ என்று சொல்ல அங்கே ஒரு காரணம் இருக்கிறது. 50 ஆண்டுகளாக அவனுக்குப் பெரிய வாள்களாகக் கொடுத்துக்கொண்டே வந்தார்கள். அவனுக்குத் தேவைப்பட்டது இந்த மாதிரி ஒன்றுதான். இன்னும் நிறைய தேவைப்படுகிறது.